குதிரைப் பாட்டுக்கு யார் சாட்சி?

எண்பதுகளின் நடுவில், பம்பாயில் மழை விடாமல் அடித்த ஒரு பருவத்தில், மாட்டுங்காவில் ஓர் இரானி டீக்கடையின் மூலை மேஜையில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. எங்கள் வீட்டில் எல்லோரும் சபாவுக்குக் கச்சேரி கேட்கப் போவார்கள். எனக்கு மட்டும் ஓர் இங்கிலீஷ் ராக் பேண்டின் மீது பைத்தியம். எந்த பேண்ட் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது ஒருவர் சண்டைக்கு வருவார்.

என்னைப் போல இன்னும் இரண்டு பைத்தியங்கள் உண்டு. செம்பூரிலிருந்து வரும் பாங்க் குமாஸ்தா ஒருவர், விக்ரோலியில் ஒரு ஃபாக்டரியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர் ஒருவர். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அந்த மேஜையில் கூடினால் சாயும் வெண்ணெய் தடவிய பன் மஸ்காவுமாகப் பன்னிரண்டு வரை நகர மாட்டோம். ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஞாபகமே இல்லை. செம்பூர், விக்ரோலி, மாட்டுங்கா. அவ்வளவுதான்.

ரேடியோவில் வரும் பாட்டுகளைப் பற்றி நாங்கள் பேசவே மாட்டோம். அது ஊருக்கே தெரிந்த சமாசாரம். ரெக்கார்டில் பாடிவிட்டு மேடையில் அபூர்வமாக மட்டும் வாசித்த பாட்டுகள் இருக்கின்றனவே, அவைதான் எங்கள் பிழைப்பு. எந்த ஊரில் வாசித்தார்கள், எத்தனை தடவை, அப்புறம் ஏன் விட்டார்கள் என்று மணிக்கணக்கில் அலசுவோம். பாட்டுகளுக்கு நாங்களே பெயரும் வைத்திருந்தோம். டிரம்ஸ் டக்டக்கென்று ஓடுவது குதிரைப் பாட்டு. மெதுவாக இழுப்பது அழுமூஞ்சி. ஆரம்பித்தால் முடியவே முடியாத ஒன்றுக்கு மாமியார் பாட்டு என்று விக்ரோலி பெயர் வைத்தார். அவருக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது.

இதையெல்லாம் எழுதிவைக்க ஒரு பக்கா நோட்டு இருந்தது. அது என் பொறுப்பு. பாட்டு, ஊர், ஆதாரம் என்று கட்டம் போட்டிருப்பேன். ஆதாரம் என்றால் டேப் வேண்டும், அல்லது நடைபாதையில் வாங்கிய வெளிநாட்டுப் பத்திரிகையின் துண்டு வேண்டும். 'இன்னார் சொன்னார்' என்பது செல்லாது. கேட்டவர்களோ பார்த்தவர்களோ இரண்டு பேர் கையெழுத்துப் போடவேண்டும். புதிதாகச் சேருபவர் ஒரு வருஷம் தனியாகக் கச்சா நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அதில் தேறியதுதான் பக்கா நோட்டில் ஏறும். ஆறு வருஷமாக அதில் ஒரு பொய் ஏறியதில்லை என்று எனக்கு ஏகப்பட்ட கர்வம். லண்டனில் இருந்த ரசிகர் சங்கம் ஒன்று, அதை அனுப்பினால் எங்கள் பெயரோடு அச்சடிப்பதாகக் கடிதம் போட்டிருந்தது. மழை விட்டதும் தபாலில் சேர்ப்பது என்று ஏற்பாடு.

அந்த நேரத்தில்தான் விக்ரோலி ஒரு புது ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்த முஸ்லிம் இளைஞர். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். என்னைவிட மூன்று வயது சின்னவர். முதல் நாளிலேயே என்னை அக்கா என்றார். இங்கிலீஷ் தகராறு, பாட்டின் பெயரையே தமிழில்தான் எழுதிக்கொள்வார். ஆனால் அந்தக் காது இருக்கிறதே!

அழுமூஞ்சியை மேடையில் வாசித்ததற்கு என்னிடம் ஒரு டேப் இருந்தது. அதுதான் என் பொக்கிஷம். விக்ரோலியின் டேப் ரெக்கார்டரில் அதைப் போட்டதும் தாராவி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு தயங்கித் தயங்கி, "அக்கா, தப்பா நினைச்சுக்கிடாதிய. இந்தக் கைதட்டும் முந்தின பாட்டுல வர்ற கைதட்டும் ஒண்ணுதான். நடுவுல ஒருத்தன் விசிலடிக்கான் பாருங்க, அதே விசில்" என்றார். திருப்பிப் போட்டுக் கேட்டோம். அதே விசில்தான். ரெக்கார்டுப் பாட்டோடு யாரோ கைதட்டலை ஒட்டி விற்றிருக்கிறார்கள். ஆறு வருஷமாக நோட்டில் இருந்த அந்தப் பதிவை எல்லோர் முன்னாலும் நானே கோடு போட்டு அடித்தேன். மூக்கு உடைந்தது எனக்கு. அன்றிலிருந்து அந்த ஆள் வாயைத் திறந்தாலே எரிச்சலாக வரும்.

இரண்டு மாதம் போனது. பாந்த்ராவில் கிட்டாரும் நீள முடியுமாக ஒரு கோஷ்டி இருந்தது. அவர்கள் சைக்ளோஸ்டைல் செய்து மாதா மாதம் ஒரு காகிதம் வெளியிடுவார்கள். அதில் எங்கள் நோட்டில் மட்டுமே இருந்த பதிவுகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. மாமியார் பாட்டை எந்த ஊரில் பாதியில் நிறுத்தினார்கள் என்பது வரை வந்துவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. இவர்கள் முந்திக்கொண்டு லண்டனுக்கு அனுப்பிவிட்டால் எங்கள் ஆறு வருஷமும் போச்சு.

யார் என்று நான் யோசிக்கவே இல்லை. புதிதாக வந்தவர் ஒருவர்தானே? காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எனக்கு அந்தக் காமாலைதான் பிடித்தது. எதைச் சொன்னாலும் உடனே எழுதிக்கொள்கிறாரே, எதற்கு? ஒரு டேப்கூடக் கொண்டுவருவதில்லையே, ஏன்? வாசலைப் பார்த்து உட்காருகிறாரே, யார் வருவார்கள் என்று பார்க்கிறார்? அவர் மஸ்கா தடவாத வெறும் பன் சாப்பிட்டதுகூட எனக்குச் சந்தேகமாகத்தான் பட்டது.

பொறி வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மற்ற இருவரும் வருமுன், குதிரைப் பாட்டை ஒரே ஒரு தடவை ஒரு துறைமுக ஊரில் வாசித்தார்களாம், நடுவில் கிட்டார் கம்பி அறுந்துவிட்டதாம் என்று அவரிடம் மட்டும் சொன்னேன். சுத்தப் பொய். ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டே யோசித்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கம்பி அறுந்த பொறவு நிறுத்திட்டாவளா, முழுசும் வாசிச்சாவளாக்கா?" என்று கேட்டார். முழுசும் வாசித்தார்கள், பாடுகிறவர் சிரித்துவிட்டார் என்றேன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் எவ்வளவு சுலபமாகத் துணைக்கு வருகிறது! அவர் சிரத்தையாக எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதக் காகிதத்தில் வந்துவிட்டது. துறைமுக ஊர், கம்பி, சிரிப்பு, எல்லாம். 'நம்பகமான ஒருவர் டேப்பில் கேட்டிருக்கிறார்' என்று வேறு போட்டிருந்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பதிவு திருட்டுப் போனதற்கு வருத்தப்பட வேண்டியவள், ஆள் மாட்டினான் என்று குதித்தேன்.

அந்த ஞாயிறு நால்வரும் உட்கார்ந்ததும் காகிதத்தை மேஜையில் விரித்தேன். "இதை உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். பாந்த்ராவுக்கு எப்படிப் போச்சு?" என்று அவரைக் கேட்டேன். என் குரலுக்குப் பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து கன்னம் வைக்கிறார் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இனிமேல் இந்த மேஜைக்கு வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. முகம் மட்டும் சிறுத்துப்போனது. பையிலிருந்து கச்சா நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார்.

குதிரைப் பாட்டு என்று தமிழில் எழுதியிருந்தது. ஊர், கம்பி அறுந்தது, எல்லாம் இருந்தது. ஆதாரம் என்ற கட்டத்தில், 'அக்கா சொன்னாங்க.' மற்ற பதிவுகளில் எல்லாம் டேப், பத்திரிகை என்று இருக்க, இதற்கு மட்டும் இவ்வளவுதான். அதன் கீழே 'நானும் டேப்பில் கேட்டிருக்கிறேன்' என்று ஒரு கையெழுத்து. செம்பூரின் கையெழுத்து.

"ரெண்டு பேரு கையெழுத்து வேணும்லாக்கா? செம்பூர் அண்ணன் பை தைக்கக் குடுக்க வந்தப்போ கேட்டேன். அவ்வோ கேட்டிருக்கேன்னு போட்டாவ" என்றார் தாராவி.

நான் செம்பூர் பக்கம் திரும்பினேன். "எந்த டேப்ல கேட்டேள்?"

அவர் அசரவில்லை. பாந்த்ராவில் ஒரு சிநேகிதன் வீட்டில் கேட்டாராம். டேப் அவர்களிடமே இருக்கிறதாம். அவர்களுக்குத் தெரிந்ததை அவர்கள் போட்டிருக்கிறார்கள், இதில் திருட்டு எங்கே வந்தது என்று என்னையே மடக்கினார். விக்ரோலிக்கு உயிர் வந்தது. காலிபீலி, ஒன்றுமில்லாததற்குச் சண்டை போட்டோமே என்று சிரித்து, நானும் செம்பூருமாக இரண்டு பேர் சாட்சி ஆயிற்றே, குதிரைப் பாட்டைப் பக்கா நோட்டில் ஏற்றிவிடலாம் என்று பேனாவை என் கையில் கொடுத்தார்.

தாராவிக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் பேசிய பேச்சையெல்லாம் அதற்குள் மறந்துவிட்டார்.

"பாத்தியளாக்கா, நீங்க சொன்னது நெசந்தான்."

பேனா என் கையில். வாயை மூடிக்கொண்டு எழுதியிருந்தால் நால்வரும் சாய் குடித்துவிட்டுச் சிநேகமாகக் கலைந்திருப்போம். எழுதிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு எழுத முடியவில்லை. எனக்காக அல்லவா அவர் சந்தோஷப்படுகிறார்! ஒரு விசிலை வைத்துக் கள்ள டேப்பைக் கண்டுபிடித்த காது, நான் சொன்னேன் என்பதற்காக என் பொய்யை அப்படியே வாங்கி வைத்திருக்கிறது.

"அப்படி ஒரு டேப் கிடையாது. அது நான் கட்டிவிட்டது. இவரைப் பிடிக்கறதுக்காக" என்று சொல்லிவிட்டேன்.

செம்பூர் தேள் கொட்டிய திருடன் மாதிரி முழித்தார். பிறகு மழை என்றும் பாராமல் எழுந்து போனார். பாந்த்ராக்காரர்களின் புது டேப்புகளைக் கேட்பதற்குக் கூலியாக எங்கள் பதிவுகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று பின்னால் விக்ரோலி விசாரித்துச் சொன்னார். கேட்காததைக் கேட்டேன் என்று கையெழுத்துப் போட்டது வீம்புக்கு. எங்கள் கூட்டத்தில் 'நான் கேட்டதில்லை' என்று சொல்வதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அவர் பொய்க்காவது ஓர் ஆசை காரணம். என்னுடையதற்குப் பொறாமையைத் தவிர ஒன்றும் இல்லை.

தாராவி நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பதிவு செய்தவரே அடிக்கவேண்டும் என்பது எங்கள் விதி. ஒரே கோடு, நேராக. பாட்டு, ஊர், கம்பி எல்லாவற்றின் மீதும் போய், கடைசியில் 'அக்கா சொன்னாங்க' மீதும் போனது. பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

மன்னிச்சுக்கோங்க, என் புத்தி கெட்டுப்போச்சு என்றேன். என் கண்ணில் தண்ணீர் முட்டியது. "விடுங்கக்கா, சாய் ஆறுது" என்று கப்பை என் பக்கம் நகர்த்தினார்.

மழை விட்டதும் பட்டியல் லண்டனுக்குப் போனது, அச்சிலும் வந்தது. தாராவியின் பெயரை முதலில் போட்டேன். அவர் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வந்தார், மரியாதையும் குறையவில்லை, அக்கா என்று கூப்பிடுவதும் மாறவில்லை. ஒன்றே ஒன்றுதான் மாறியது. அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு, மற்றவர்களிடம் கேட்பது போலவே சாதாரணமாக என்னிடமும் கேட்பார்: "டேப்பா, பேப்பராக்கா?" அதில் குத்தல் இருக்காது. விதிப்படி கேட்பார், அவ்வளவுதான். நானும் விதிப்படி டேப்பை எடுத்துக் காட்டுவேன்.

இன்று எனக்கு அறுபது தாண்டிவிட்டது. அந்தப் பாட்டுகளில் பாதி மறந்துவிட்டது. ஆனால் யாராவது நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் நம்பும்போதெல்லாம், ஒரு தோல் பட்டறைக்காரர் ஆதாரக் கட்டத்தில் என் வார்த்தையை எழுதியதும், பிறகு அதன் மேல் கோடு போட்டதும் கண்முன் வந்து நிற்க, சொன்னது சரிதானா என்று எனக்குள் இன்னொரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.