பன்னிரண்டே முக்கால் ஹாரன்

ஏழு மணிச் செய்திக்கு முன்னால் வானொலி ‘பீப்’ என்றதும் படகோட்டி தன் கைக்கடிகாரத்தின் திருகைத் தொட்டுப் பார்க்கிறார். ஒரு நொடிகூடப் பிசகியிருக்காது. ஆனாலும் தொடாவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. “அது ஓடாம எங்க போயிடும்? முதல்ல பல்லைத் தேய்ங்க” என்பாள் மனைவி.

தீவுக்கும் எதிர்க்கரைக்கும் நடுவே ஊராட்சிப் படகை முப்பத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறார். சும்மா சொல்லக்கூடாது, ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை. தீவில் அவருக்கு மணிக்கூண்டு என்று பேர். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டாலும் கோபப்படமாட்டார், உள்ளூரப் பூரிப்புதான். மைத்துனர் புதுச்சட்டையும் பெட்டியுமாகப் பெண் பார்க்க ஓடி வந்தபோது, கயிற்றை அவிழ்த்துவிட்டு, “அடுத்த படகு மூணு மணிக்கு மாப்ள” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவர். மைத்துனருக்கு இப்போது பேரனே பிறந்தாயிற்று, இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

கடல் வருஷா வருஷம் ஏறி வருவதால் தீவுக்குத் தடுப்புச் சுவர் கட்டப்போகிறார்கள். எங்கே கட்டுவது என்பதை மக்களைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்களாம். கேட்க வரும் அதிகாரிகள் பதினொரு மணிக்கு இவர் படகில் வந்து இறங்குகிறார்கள், ஒரு மணிக்கு இவர் படகிலேயே திரும்புகிறார்கள். புறப்பாட்டுக்கு முன்னால், பன்னிரண்டே முக்காலுக்கு, மூன்று முறை ஹாரன் அடிப்பார். படகுத்துறையை ஒட்டி, கூட்டம் நடக்கும் கூடத்தில் அது கேட்டதும் பேசுகிறவர் பாதியில் நிற்க, அதிகாரிகள் வரைபடத்தைச் சுருட்டிவிடுவார்கள். திரையில் படம் காட்டவே ஒன்றரை மணி நேரம் போய்விடும். மிச்ச நேரத்தில் ஆறேழு பேர் பேசினால் பெரிது.

இதுவரை நடந்த இரண்டு கூட்டத்திலும் மனைவி பேச டோக்கன் வாங்கினாள். முதல் தடவை எட்டு, அடுத்த தடவை ஏழு. இரண்டு தடவையும் அவள் மைக் அருகே போய்த் தொண்டையைச் செருமினாள், இவர் ஹாரன் அடித்தார். “என் வாயை அடைக்கத்தான் அதை மாட்டிவெச்சிருக்கீங்க” என்றவள் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வேலை என்றால் வேலைதான் என்று சமாளித்தாரே தவிர, மனசு குறுகுறுத்தது.

அவள் சொல்லவந்தது பெரிய விஷயம். வரைபடத்தில் சுவர் முன்பக்கத்துக் கடற்கரையோடு நின்றுவிடுகிறது. தண்ணீரோ பின்பக்கத்து வாய்க்காலில் எதிர்த்து ஏறி, இவர்கள் தெருவில் ஒன்பது வீட்டு அடுக்களையிலும் புகுகிறது. புகும்போதெல்லாம் அது ஏறிய உயரத்துக்கு அடுக்களைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவாள். பதினான்கு கோடு. கடைசிக் கோடு அடுப்பு மேடையைத் தொட்டுவிட்டது. அவருக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். ஆனால் மேலதிகாரிகளைக் கண்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். படகில் அத்தனை தடவை அவர்களை ஏற்றி இறக்கியும், “பார்த்து இறங்குங்க சார்” என்பதைத் தாண்டி வாய் திறந்ததில்லை.

மூன்றாவது கூட்டம்தான் கடைசி. அது முடிந்தால் வரைபடத்துக்கு முத்திரை விழுந்துவிடும், பிறகு தலைகீழாக நின்றாலும் கோடு நகராது. இந்தத் தடவை மனைவிக்கு ஐந்தாம் எண். படக்காட்சி நீண்டுபோனதால் அதைக் கூப்பிடும்போது மணி பன்னிரண்டு நாற்பத்து நாலு.

ஒலிபெருக்கி படகுவரை கேட்கும். ஹாரன் பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றார்.

“எங்க தெருவுல தண்ணி முன்னாடி வர்றதில்லைங்க, பின்னாடி வருது. தேதி போட்டு வெச்சிருக்கேன், ஒவ்வொண்ணா படிக்கிறேன்.”

முதல் தேதி. இரண்டாவது தேதி. கடிகாரத்தின் முள் முக்காலைத் தாண்டியது. விரல் அழுத்தவில்லை.

ஓர் அதிகாரி கூடத்து ஜன்னலுக்கு வந்து, தன் மணிக்கட்டைப் பார்த்து, படகைப் பார்த்தார். “என்னப்பா, இன்னும் நேரமாகலையா?”

“என் கடிகாரத்துல இன்னும் ஆகலைங்க.”

அதிகாரி தன் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார். ஒலிபெருக்கியில் ஏழாவது தேதி வந்தது. மணிக்கூண்டு கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டு, பையின் பித்தானையும் மாட்டினார்.