யோகேந்திரனின் ஒரே திறப்பு

"இந்தக் கதவுக்குத் திறப்பு ஒண்டே ஒண்டுதான். அது என்ர இடுப்பில கிடக்கு. நான் கண்ணை மூடும்வரைக்கும் இன்னொருத்தற்ற கைக்குப் போகாது. வீட்டில நான் ஆரோ, இஞ்ச நான்தான் ராசா!"

மொன்றியல் நகரத்து ரொக்ஸ்பரோ யோகேந்திரன் அவர்கள், இடுப்புக் கயிற்றில் தொங்கிய சாவியைத் தட்டிக்காட்டி, இந்தப் பிரகடனத்தைச் செய்தது தமது கராஜ் கொண்டோவில். கராஜ் கொண்டோ என்பது, கார்ப் பைத்தியம் பிடித்தவர்களுக்கென்று நெடுஞ்சாலை ஓரமாக வரிசையாய்க் கட்டி, ஒவ்வொன்றாக விற்கப்படும் பெரிய கராஜ். உயர்ந்த கூரை, பனிக்காலத்திலும் இளஞ்சூடான தரை, லொறியே நுழையக்கூடிய கதவு. படுத்துறங்க மட்டும் அனுமதி இல்லை. பக்கத்துக் கராஜ்காரர் ஜில், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. அவர் தமது கராஜில் ஒரு சிவப்புக் காரையும் ஒரு சோபாவையும் வைத்துக்கொண்டு, மனைவியின் கண்ணில் படாமல் பியர் குடிக்கிறார். கராஜ் கொண்டோவின் தத்துவமே அதுதான்.

யோகேந்திரனும் அந்தத் தத்துவத்தை நம்பித்தான் வாங்கினார். வீட்டு நிலவறையில் மனைவி ஞானாம்பிகையின் இரண்டு ஃப்ரீசர்கள், மகனின் ட்ரம், மகள் நிருஷா கலியாணம் முடித்துப் போகும்போது விட்டுப்போன உடற்பயிற்சி இயந்திரம். இவற்றுக்கிடையே ஒரு மனிதன் ஒரு ஸ்பானரை வைக்க இடமில்லை. அவரிடமோ ஒன்ராறியோ விவசாயி ஒருவரின் கொட்டிலிலிருந்து இழுத்து வந்த பழைய ஏ-ஃபோர்ட்டி கார் ஒன்று இருந்தது. அதை ஓடவைப்பதே அவருடைய வாழ்வின் இலட்சியம். கட்டடக்காரர் கொடுத்த இரண்டாவது திறப்பை அவர் ரொக்ஸ்பரோவை ஒட்டி ஓடும் ஆற்றில் எறிந்துவிட்டார். சபதம் என்றால் சும்மாவா?

ஆனால் சாம்ராச்சியம் தொடங்கிய அன்றே அவர் ஒரு பிழை விட்டார். அந்தக் கட்டடத்தில் வேறு எந்த இனத்தவரும் விடமுடியாத பிழை அது. கராஜுக்குப் பால் காய்ச்சினார்.

"புது இடம். பால் காய்ச்சாமல் எப்பிடியப்பா உள்ளுக்க காரை விடுறது?" என்று ஞானாம்பிகை கேட்டார். ஐயர் வந்தார். பால் பொங்கியது. புகை மணி அலறித் தீயணைப்பு வண்டியும் வந்தது. வந்தவர்கள் "மெர்சி" என்று நன்றி சொல்லி வடையும் கேசரியும் வாங்கிச் சென்றார்கள். விழாவுக்கு வந்த உறவினர் அத்தனை பேரும் பிரகடனத்தைக் கேட்டுக் கைதட்டினார்கள். கைதட்டிக்கொண்டே அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள், குனிந்து தரையைத் தொட்டார்கள். மொன்றியலில் நனையாத, உறையாத, வெறுமையான இடம் ஒன்று இருக்கிறது என்ற செய்தி அன்று மாலைக்குள் நகரின் அஹுன்ட்சிக் பகுதி வரை போய்விட்டது.

முதலில் வந்தவர் ஊர்ச் சங்கத் தலைவர் மகேந்திரராசா. சங்கத்தின் பெரிய சமையல் கிடாரங்களும் மடக்குக் கதிரைகளும் கூடவே வந்தன.

"தம்பி, கொஞ்ச நாளைக்குத்தான்."

"அண்ணை, நான் இஞ்ச கார் திருத்தப்போறன்..."

"கார் ஒரு மூலையில நிக்கட்டுமன். இது செத்தவீட்டுச் சாமான். இதுக்கும் இடமில்லை எண்டு சொல்லுவியே?"

யோகேந்திரன் கதவை அகலத் திறந்துவிட்டார். அடுத்து புஷ்பவதி அக்காவின் மணவறை வந்தது. வாடகைக்கு விடும் மணவறை. சிங்கக் கைப்பிடிகள் கொண்ட இரட்டைக் கதிரை, தங்கநிறத் தூண்கள், விதானம். நாலு பேர் மூச்சுப்பிடித்துத் தூக்க வேண்டிய பாரம். நிருஷாவின் கலியாணத்துக்கு அதைக் காசு வாங்காமல் தந்தவர் அவர். யோகேந்திரன் காலையில் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று "ஏலாது அக்கா" என்று தெளிவாகச் சொல்லிப் பழகினார். தொலைபேசி அடித்தபோது வாயிலிருந்து வந்தது, "ஓம், ஓம், கொண்டாங்கோ."

ஆக, கார் பின்சுவரோடு ஒட்டி நிற்க, அதற்கும் கதவுக்கும் நடுவே சமூகம் குடியேறியது. ராசா கிடாரங்களுக்கிடையே மல்லாந்து படுத்து எஞ்சினைத் திருத்தினார். அதைவிட மோசம், திறப்பு ஒன்றே என்பதால் எவருக்கு எது தேவையென்றாலும் ராசாவே காரோடி வந்து கதவு திறக்கவேண்டும். சனிக்கிழமை ஒரு பிள்ளையின் பூப்பு விழாவான சாமத்தியவீடு, ஞாயிறு செத்தவர் ஒருவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. "அண்ணை, ஒருக்கா வந்து திறந்து விடுங்கோ." உலகத்தில் தன் அரண்மனைக்குத் தானே வாயிற்காவலனாக நின்ற மன்னர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இத்தனைக்கும் நடுவே இந்தச் சித்திரையில் ஏ-ஃபோர்ட்டி உறுமியது. கராஜ்காரர்கள் ஆண்டுதோறும் மே மாத நீண்ட விடுமுறை ஞாயிறு அன்று கார்களை வரிசையாக ஓட்டிக்கொண்டு ஏரிக்கரை வழியே சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊருக்குப் போவார்கள். யோகேந்திரன் ஒவ்வோர் ஆண்டும் கையசைத்து வழியனுப்பியவர். இம்முறை தாமும் போவதென்று புதுத் தொப்பி வாங்கினார்.

கார் வெளியே வர மணவறை மட்டும் நகரவேண்டும். திங்கட்கிழமை லோஜினி என்ற பிள்ளையின் கலியாணம். ஞாயிறு காலை எட்டு மணிக்கே வான் கொண்டுவந்து ஏற்றுவதாக புஷ்பவதி அக்காவின் மகன் கஜரூபன் வாக்களித்திருந்தான்.

எட்டு மணிக்கு யோகேந்திரன் தொப்பியோடு நின்றார். ஒன்பதுக்கும் நின்றார். "ஆ, அங்கிள், வெளிக்கிட்டிட்டன்" என்றான் கஜரூபன் தொலைபேசியில். பின்னணியில் ஷவர்த் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

பத்து மணிக்குக் கார்கள் வரிசைகட்டின. ஜில் எட்டிப் பார்த்தார். நிலைமை புரிந்ததும் நண்பர்கள் மூவரைக் கூட்டிவந்து கைகளை உரசிக்கொண்டார். சிங்கக் கதிரையைத் தூக்கி வெளியே வைத்தால் பாதை கிடைத்துவிடும்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது.

யோகேந்திரன் மழையைப் பார்த்தார், காரைப் பார்த்தார், சிவப்புப் பட்டு மெத்தையைப் பார்த்தார். நாளைக்கு ஒரு பிள்ளை மணப்பெண்ணாக அமரப்போகிற இடம். பத்து வருடம் கழித்து அவளுக்குச் சளி, தடிமன் பிடித்தாலும், நனைந்த மணவறையில் இருத்தியதாக ஊர் யாரைக் குற்றம் சொல்லும்?

"நோன், மெர்சி. நீங்கள் போங்கோ," என்றார், ஜில்லுக்குத் தமிழ் தெரியாது என்பதையும் மறந்து.

கார்கள் போயின. அவர் மணவறைக் கதிரையிலேயே, தொப்பியோடு, மணப்பெண்ணுக்குரிய பக்கத்தில் அமர்ந்தார். வேறு கதிரை எல்லாம் மடக்கிக் கட்டியிருந்தது.

ஒரு மணிக்குப் பிறகு கஜரூபன் கோப்பிக் கோப்பையோடு வந்திறங்கினான்.

"சொறி அங்கிள். நீங்கள் இஞ்சதானே நிப்பியள் எண்டு மெதுவா, ஆறுதலா வந்தனான்."

"ஏன்ரா தம்பி, எனக்கு வேற வேலை இல்லையே?"

"திறப்பு உங்களிட்டத்தானே அங்கிள் இருக்கு. நீங்கள் எங்க போகேலும்?"

யோகேந்திரன் தொப்பியைக் கழற்றி வைத்தார். மணவறையின் ஒரு பக்கத்தைத் தாமும் பிடித்து வானில் ஏற்றிவிட்டார். சிங்கம் ஏறி முடிந்தபோது, தூறலில் நனைந்த கார்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிவந்துகொண்டிருந்தன.

மறுநாள் கலியாண வீட்டில் அவர் இரண்டு தரம் பாயசம் குடித்தார். செவ்வாய்க்கிழமை, ஞானாம்பிகையோடு பால் வாங்கப் போகும் வழியில், ரொக்ஸ்பரோவின் சிறிய இரும்புக்கடை ஒன்றின் முன்னால் காரை நிறுத்தினார்.

"இஞ்ச என்னப்பா?" என்றார் ஞானாம்பிகை.

"ஆணி."

தனியே உள்ளே போய்ச் சேர்ட்டைத் தூக்கி, இடுப்புக் கயிற்றின் முடிச்சோடு சிறிது நேரம் போராடி, திறப்பைக் கழற்றிக் கடைப்பெண்ணின் முன்னால் வைத்தார். அவள் அதைத் திறப்பு வெட்டும் இயந்திரத்தில் பொருத்திவிட்டு, பிரதி ஒன்றா என்று விரலைக் காட்டிக் கேட்டாள்.

யோகேந்திரன் கடைக் கண்ணாடிக்கு வெளியே காரில் இருந்த ஞானாம்பிகையை ஒருதரம் பார்த்தார். பிறகு கையை வயிற்றோடு அணைத்து, ஐந்து விரல்களையும் மெல்ல விரித்துக் காட்டினார்.