பசறைக்கு வந்த பின்கள வீரர்

அவர் வந்த முதல் நாளில் கால்மணி நேரம் பேசினார். மொழிபெயர்க்க வேண்டியவள் நான். எனக்கு ஒரு வாக்கியம்கூட விளங்கவில்லை.

அப்போது நான் பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆங்கில ஆசிரியை. சொந்த ஊர் பதுளை. வீட்டார் அங்கே துணிக்கடை வைத்திருக்கிறார்கள். உதைபந்தாட்டத்தில் எனக்குத் தெரிந்தது பந்து உருண்டையானது என்பது மட்டும்தான். எங்கள் மாணவிகளின் அணிக்கு மூன்று மாதம் பயிற்சி கொடுக்க ஒரு தொண்டு அமைப்பு ஸ்காட்லாந்திலிருந்து ஒருவரை அனுப்புவதாகச் செய்தி வந்ததும், பாடசாலை அதிபர் ஆசிரியர் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ஆங்கிலம் படிப்பிப்பவள் நான் ஒருத்தி. அத்தோடு தேர்வு முடிந்தது.

வந்தவருக்கு அறுபதை நெருங்கும் வயது. மொட்டைத் தலை, வெயிலில் சிவந்த கழுத்து, ஒரு பக்கம் சாய்ந்த நடை. ஆங்கிலம்தான் பேசினார். ஆனால் சொற்களின் நடுப்பகுதியை விழுங்கிவிட்டு, ரகரத்தை மட்டும் உருட்டி உருட்டி வெளியே விட்டார். வேறு வழியில்லாமல் நானாகவே சொன்னேன்: நேரத்துக்கு வர வேண்டும், நன்றாகச் சாப்பிட வேண்டும், பெரியவர்கள் சொல் கேட்க வேண்டும். பிள்ளைகள் கை தட்டினார்கள். அவருக்கும் சந்தோஷம். தம்முடைய முதல் ஆட்டத்தில் பத்தாவது நிமிடத்திலேயே சிவப்பு அட்டை வாங்கி வெளியே போன கதையைத்தான் அன்று அவர் சொல்லியிருந்தார் என்பது இரண்டு வாரம் கழித்தே எனக்குத் தெரிந்தது.

பிள்ளைகள் அவரைத் துரை என்றார்கள். வெள்ளைக்காரர் என்றால் தோட்டத்தில் வேறு சொல் கிடையாது. எங்கள் மலைகளில் பல தோட்டங்களுக்கு அவர் நாட்டு ஊர்களின் பெயர்தான். பஸ்ஸில் போகும்போது பெயர்ப்பலகைகளைப் பார்த்து, இது என் அத்தை இருக்கும் ஊர், இங்கே ஒருமுறை நான்கு கோல் வாங்கித் தோற்றோம் என்று சொல்லிக்கொண்டே வருவார். துரை என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். தோட்டத்தை ஆண்ட வெள்ளைக்கார எசமான் என்றதும், அந்தப் பெயர் தமக்கு வேண்டாம் என்றார். அன்றிலிருந்து சார் ஆனார்.

ஃபெக்டரிக்குப் பக்கத்தில்தான் எங்கள் மைதானம். ஒரு பக்கம் சரிவு. பந்து உருண்டால் தேயிலைக்குள் இறங்கி, காலில் ஒட்டிய அட்டைப்பூச்சியோடு திரும்ப வேண்டும். அதனால் பந்தை வெளியே விடாமல் ஆடுவதில் பிள்ளைகளுக்கு நல்ல பழக்கம். தற்காப்பில்தான் சங்கடம். பின்னால் நிற்கும் நால்வரும் ஒரே வரிசையாக நகர வேண்டும் என்பதற்காக அவர் 'லைன், லைன்' என்று கத்துவார். தோட்டத்தில் லைன் என்றால் வீடு. வரிசையாகக் கட்டிய லயத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள். முதல் தடவை கத்தியபோது நால்வரும் ஆட்டத்தை விட்டுவிட்டு மேட்டில் இருந்த லயத்தைப் பார்த்தார்கள். "வீட்டுக்குப் போகச் சொல்றாரா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். விளக்கிச் சொன்னதும் அவர் புல்லில் உட்கார்ந்து சிரித்தார்.

சனிக்கிழமைகளில் பதுளைக்குச் சாமான் வாங்க என்னோடு பஸ்ஸில் வருவார். ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் ஆடிய மனிதர், பசறை வளைவுகளில் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். பயத்தை மறக்கவே பேசினார் என்று நினைக்கிறேன். அவர் வாழ்க்கை எனக்குத் தவணை தவணையாகக் கிடைத்தது அப்படித்தான்.

அப்பா கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். இவர் பதினாறு வயதில் காலையில் மேசன் வேலை, மாலையில் சிற்றூர்க் கழகத்தில் பயிற்சி. சிவப்பு அட்டை வாங்கிய மறுநாள் தம்மை விரட்டிவிடுவார்கள் என்று நினைத்தாராம். பயந்து செய்த பிழையென்றால் விரட்டியிருப்பேன், நீ அவசரப்பட்டுத்தானே செய்தாய், அதைத் திருத்தலாம் என்று பயிற்றுநர் சொல்லிவிட்டார். பல வருடங்கள் அங்கே ஆடினார். பிறகு ஒரு பெரிய கழகம் அவரை வாங்கியது. அங்கே இருந்த இரண்டு வருடமும் பெரும்பாலும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வாழ்க்கையில் சேறு படாமல் தம் சீருடை மிகச் சுத்தமாக இருந்த காலம் அதுதான் என்பார். தாமாகவே கேட்டுப் பழைய கழகத்துக்குத் திரும்பி அணித் தலைவரானார். அத்தனை வருடத்தில் அவர் அடித்தது இரண்டே கோல். அதில் ஒன்று சொந்த வலைக்குள்.

முழங்கால் போனபின் பேக்கரியிலிருந்து பாண் கொண்டுபோகும் வேன் ஓட்டினார். ஒரு காலை, பள்ளிக்கூட முற்றத்தில் சின்னப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்தாராம். எல்லாரும் பந்துக்குப் பின்னால் ஓடுகிறார்கள், கோலுக்கு முன்னால் ஒருவருமில்லை. பொறுக்க முடியாமல் வேனை நிறுத்திவிட்டு இறங்கிக் கத்தினார். அன்று பாண் பிந்தியது. மறுவாரம் அந்தப் பிள்ளைகளுக்கு அவர்தான் பயிற்றுநர்.

இங்கே அவர் செய்த முதல் காரியமே எங்களைத் திகைக்க வைத்தது. அணியில் மிக வேகமாக ஓடுபவள், கோல்களை எல்லாம் அடிப்பவள் ஒருத்தி இருந்தாள். அவளைப் பின்களத்துக்கு மாற்றினார். அவள் இரண்டு நாள் பயிற்சிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் மாலை, தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு அவளுடைய அம்மா மைதானத்துக்கு வந்தார்.

"டீச்சர், இவருகிட்ட ஒன்னு கேளுங்க. கோல் போடுற புள்ளய எதுக்கு பின்னுக்கு நிப்பாட்டினாரு? அவ ரெண்டு நாளா சரியா சாப்பிடல."

அவர் அந்த அம்மாவைப் புல்லில் உட்காரச் சொல்லித் தாமும் உட்கார்ந்தார். மற்றப் பிள்ளைகள் பந்தைப் பார்க்கிறார்கள், இவள் மட்டும் பந்து அடுத்து வரப்போகும் இடத்தைப் பார்க்கிறாள் என்றார். பின்னால் நிற்பவளுக்குத்தான் மைதானம் முழுவதும் தெரியும். முன்னால் இருப்பவர்களுக்கு எங்கே போவது என்று அவள்தான் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும்.

அம்மா யோசித்தார். "அப்ப கங்காணி வேலைன்னு சொல்லுங்க."

கங்காணி என்றால் கொழுந்தெடுப்பவர்களை மேய்ப்பவர் என்று நான் விளக்கினேன். அது நல்ல விஷயமா, கெட்ட விஷயமா என்று அவர் கவலையோடு கேட்டார்.

"அது ஆளப் பொறுத்தது. ஆனா வாய் வேணும். அது எம் மகளுக்குத் தாராளமா இருக்கு," என்று அம்மா எழுந்தார். மறுநாள் மகள் வந்தாள்.

மூன்றாம் மாதம் பதுளையில் ஒரு நகரப் பாடசாலையோடு ஆட்டம். இடைவேளையில் எங்களுக்கு ஒரு கோல், அவர்களுக்கு ஒன்றுமில்லை. அதற்குள் எனக்கு அவருடைய ஆங்கிலமும் விளங்கியிருந்தது, உதைபந்தாட்டமும் விளங்கிவிட்டதாக ஒரு நினைப்பு வந்திருந்தது. இனி யாரும் முன்னே ஏற வேண்டாம், இந்த ஒரு கோலைக் காப்பாற்றினால் போதும் என்றார் அவர். எனக்கு அது கோழைத்தனமாகப் பட்டது. எல்லாரும் ஏறி ஆடச் சொல்கிறார், இன்னொரு கோல் போட்டால் பயமில்லையாம் என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

பின்களத்துப் பிள்ளை என்னை நேராகப் பார்த்தாள். "டீச்சர், சார் அப்படிச் சொல்லல. கைய பின்னுக்குத்தானே காட்டினாரு."

அவள் என்ன சொல்கிறாள் என்று அவர் கேட்டார். எனக்குக் காது சுட்டது. உள்ளதைச் சொன்னேன். அவர் அந்தப் பிள்ளையின் எண்ணம் என்ன என்று கேட்கச் சொன்னார்.

"முன்னுக்கு உள்ளவங்க போகட்டும். நாங்க நாலு பேரும் நகரமாட்டோம்," என்றாள். இந்த முறை சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். அவர் தலையசைத்தார்.

அவள் நகரவில்லை. ஆனால் கடைசி நேரத்தில் மூலையிலிருந்து உதைத்த ஒரு கோர்னரில் அவர்கள் தலையால் அடித்துச் சமப்படுத்தினார்கள். முன்னே போன பிள்ளைகள் களைத்துத் திரும்ப முடியாமல் நின்றதை நான் பார்த்தேன். பெனல்டியில் ஒரு கோலால் தோற்றோம்.

திரும்பும் பஸ்ஸில் பிள்ளைகள் சற்று அழுதார்கள். பிறகு வடை வந்ததும் சாப்பிட்டார்கள். எனக்குத்தான் இறங்கவில்லை. அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அதுவரை சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னார். கடைசியாக ஒரு கழகத்துக்குத் தலைமைப் பயிற்றுநராக இருந்தாராம். தொடர்ந்து தோல்வி. ஒருநாள் பயிற்சிக்குக் காரில் போய்க்கொண்டிருக்கும்போது, தம்மை நீக்கிவிட்டதாக வானொலியில் கேட்டார். காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனவர், ஒரு வருடம் மைதானம் பக்கமே போகவில்லை. மனைவிதான் பத்திரிகையில் இந்த வேலையைக் கண்டுபிடித்து அனுப்பிவைத்தாராம்.

நான் மன்னிப்புக் கேட்டேன்.

"பிழையான முடிவு எடுத்ததில் எனக்குக் கோபமில்லை," என்றார். "நானும் நிறைய எடுத்திருக்கிறேன். ஆனால் நீங்கள் அதை என் பெயரில் எடுத்தீர்கள். அடுத்தமுறை உங்கள் பெயரில் எடுங்கள்."

அன்று வளைவுகளில் அவர் கண்ணை மூடவில்லை என்பதை இறங்கும்போதுதான் கவனித்தேன்.

அவர் போனபின் அணியைப் பார்க்க ஆளில்லை. அந்தப் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கொழும்பில் பயிற்றுநர் வகுப்புக்குப் போனேன். வந்திருந்தவர்களில் ஒருபோதும் பந்தை உதைக்காதவள் நான் மட்டுமே. முதல் வருடம் எல்லா ஆட்டத்திலும் தோற்றோம், எல்லாம் என் பெயரிலேயே. மறுவருடம் சில வென்றோம். அந்தப் பின்களத்துப் பிள்ளை இப்போது ஊவா மாகாண அணியில் ஆடுகிறாள், அதே இடத்தில். அவருக்கும் தம் ஊரில் ஒரு பெண்கள் அணியைப் பயிற்றுவிக்கும் வேலை கிடைத்தது. முதல் ஆட்டத்தில் தோற்றுவிட்டதாகவும், அணியில் எல்லாரும் நன்றாகச் சத்தம் போடுவதாகவும் எழுதியிருந்தார்.