பதினொரு பிள்ளைகளுக்கு ஒரே திட்டம்

பதினொரு பிள்ளைகளுக்கு நான் ஒரே கல்வித் திட்டத்தை எழுதினேன். இடையில் கார்பன் தாள் வைத்து, பேனாவை அழுத்தி, பெயருக்கும் வகுப்புக்கும் மட்டும் இடம் விட்டு எழுதினேன். அவர்களில் ஒரு பெண்ணுக்குக் கண் தெரியும். அவளை முழுப் பார்வையற்றவள் என்று மூன்று வருடம் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அந்தப் பொய்க்காக ஓர் அதிகாரி அவளுடைய அப்பாவை என் கண்ணெதிரே மோசடிக்காரன் என்றார். நான் வாய் திறக்கவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஏரியூர்ப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சிறப்பாசிரியராக இருந்தேன். ஊனமுற்ற பிள்ளைகளைத் தனிப் பள்ளிக்கு அனுப்பாமல் மற்ற பிள்ளைகளோடு சேர்த்துப் படிக்க வைக்கும் திட்டம் அப்போது எங்கள் பக்கம் வந்திருந்தது. முதுகலை படித்து, பார்வையற்றோருக்குக் கற்பிக்கும் பயிற்சியும் முடித்திருந்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் வருடம் ஒரு திட்டம் எழுத வேண்டும். இப்போது என்ன முடிகிறது, வருடக் கடைசியில் என்ன முடிய வேண்டும், அதற்கு யார் என்ன செய்வார்கள் என்று அதில் இருக்கும். கீழே பெற்றோர் கையெழுத்து. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமோ வேறு சலுகையோ கேட்டால் இந்தத் தாள்களைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

ஜூன் மாதம் பிள்ளையைச் சேர்க்க வரும் அன்றைக்கே பெற்றோரிடம் வெற்றுப் படிவத்தில் கைநாட்டு வாங்கிவிடுவேன். மறுபடி அவர்களை வரச் சொன்னால் ஒரு நாள் காட்டு வேலை கெடுமே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்வேன். உண்மையில் மிச்சமானது என் வேலை மட்டும்தான். முதலில் வந்த பையன் முழுக்கப் பார்வையில்லாதவன். அவனுக்கு எழுதிய திட்டம் நன்றாக அமைந்துவிட்டது. அதையே மற்றவர்களுக்கும் இழுத்துவிட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு நேரே பார்த்தால் நடுவில் மங்கல். தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தால் எழுத்து தெரியும். திட்டத்தில் பிரெய்ல் என்று எழுதிவிட்டதால் அவளுக்கும் பிரெய்ல் பலகையைக் கொடுத்தேன். புள்ளிகளை விரலால் தடவாமல் கண்ணைச் சாய்த்துப் பார்த்துப் படித்தாள். அதைத் திருட்டுத்தனம் என்று திட்டினேன். இதைவிட வெட்கமானது என் வாழ்க்கையில் இல்லை.

அவள் பத்தாவது படித்த வருடம், பொங்கல் முடிந்து, தேர்வுச் சலுகைகளைச் சரிபார்க்க ஓர் அதிகாரி வந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் அறிவிப்புப் பலகைக்குப் போய், மூக்கு ஒட்டுகிற மாதிரி நின்று, தேர்வு அட்டவணையைப் படித்துவிட்டு வந்தாள். மறுநாள் அப்பாவை வரவழைத்தார்கள்.

"ஏம்ப்பா, கண்ணு தெரியற பொண்ணக் குருடின்னு சொல்லிச் சலுகை வாங்கப் பாத்தியா? இதுக்குப் பேரு மோசடி."

"இல்லீங்க. மங்கலாத் தெரியும்னு மொத நாளே சொன்னனுங்க."

"இது உன் கைநாட்டுதானே?"

"ஆமாங்க. சார் வெக்கச் சொன்னாருங்க."

"மேல என்ன எழுதியிருக்குன்னு கேக்காமலா வெச்ச?"

வைத்தபோது மேலே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அது அவளுடைய அப்பாவுக்கும் எனக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். நான் தலைமையாசிரியர் மேசையில் இருந்த பூகோள உருண்டையைப் பார்த்தேன். அவளுக்கு எந்தச் சலுகையும் கிடையாது என்று எழுதிவிட்டு அதிகாரி போனார். தேர்வுக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

மறுநாள் காலை அவள் பிரெய்ல் பலகையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

"எழுதுனது நீங்க சார். எங்கப்பன ஏன் திட்றாங்க?"

அன்றைக்கே பேருந்து ஏறித் தருமபுரி போனேன். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் இந்தக் கோப்புகளைப் பார்க்கும் எழுத்தர் ஓர் அம்மா. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, வழியெல்லாம் நான் யோசித்து எழுதிப் போயிருந்த புதுத் திட்டத்தைப் படித்தார்.

"'மிகுந்த சிரமத்துடன் படிக்கிறாள்.' இதென்ன சார், கவிதையா? எத்தன நிமிஷம் சிரமப்படறா?"

"அது... அளக்கலீங்க மேடம்."

"அளந்துட்டு வாங்க. நேரம் வேணும்னு கேட்டா ஏன் வேணும்னு நம்பர் பேசணும். எழுத்து எத்தன பெருசு, எத்தன தூரம், யாரு பாத்தாங்க, என்னிக்குப் பாத்தாங்க. அரசாணைல இருக்கற ஒவ்வொரு சலுகைக்கும் நேரா ஒரு காரணம் இருந்தாத்தான் பேப்பர் நிக்கும்."

பயிற்சியில் இதைத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே பரீட்சைக்குப் படித்தேன். இந்த அம்மா சொன்னபோதுதான் மண்டையில் ஏறியது. திரும்பி வரும் பேருந்தில் உட்கார முடியவில்லை. இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அடி ஸ்கேல், கைக்கடிகாரம், தடித்த எழுத்து எழுதும் கறுப்புப் பேனா, தமிழ்ப் பாடப்புத்தகம், சாட்சிக்கு அவளுடைய வகுப்பாசிரியை. வாசலில் நிலக்கடலை காய்ந்துகொண்டிருந்தது. அவளுடைய அம்மா அதைப் புரட்டிவிட்டுக்கொண்டே கேட்டார்: "மூணு வருசமா இல்லாம இப்ப என்னங்க சார் வூடு தேடி வந்திருக்கீங்க?"

வகுப்பாசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தார். "தப்புப் பண்ணிட்டன்மா" என்றேன். அவர் கடலையைப் புரட்டுவதை நிறுத்தவில்லை.

பிறகு நடந்ததை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு உடம்பு பரபரக்கிறது. அவளைத் திண்டாட வைக்கப் போகிறோம் என்று நினைத்தேன். அவளோ எனக்கு உத்தரவு போட ஆரம்பித்துவிட்டாள்.

"சார், அங்க நிக்காதீங்க. வெளிச்சம் எம்முதுகுப் பக்கமிருந்து வரணும். நீங்க மறைச்சா எழுத்து செத்துரும்."

நகர்ந்தேன்.

"இந்தப் பக்கம் பளபளன்னு இருக்குது. சொரசொரப்புத் தாளுன்னா நல்லாத் தெரியும். நீலத்துல எழுதாதீங்க, கறுப்புல எழுதுங்க."

பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் படிக்கச் சொன்னேன். ஒன்பது நிமிடம் ஆனது. அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி, பக்கத்து வீட்டுப் பெண், அதே அளவுள்ள இன்னொரு பக்கத்தை மூன்று நிமிடத்தில் படித்தாள். வேறொரு பக்கத்தை நான் தடித்த பேனாவால் அரை அங்குல உயரத்தில் பல தாள்களில் எழுதிக் கொடுத்தேன். அவள் கதவோரம் உட்கார்ந்து, தலையை இடப்பக்கம் சாய்த்து, விறுவிறு என்று படித்துக்கொண்டே போனாள். கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிடம்!

"மறுபடி!" என்று கத்திவிட்டேன். வேறு பக்கம் எழுதினேன். நாலேகால் நிமிடம். வகுப்பாசிரியை தன் கடிகாரத்தையும் பார்த்துத் தலையாட்டினார். மூன்று வருடமாக இந்தப் பெண் எவ்வளவு வேகமாகப் படிக்கக்கூடியவள் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மதியம் ஆகிவிட்டது. யாருக்கும் பசிக்கவில்லை. அவள் தோழி, "சார், என்னையும் ஒருவாட்டி டைம் பாருங்க, வேகமாப் படிக்கறன்" என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

அங்கேயே உட்கார்ந்து திட்டத்தை எழுதினேன். நான்கு பக்கம் வந்தது. அப்பா காட்டிலிருந்து வந்தார். மைப்பெட்டியை நீட்டினேன்.

"படிங்க சார். கேட்டுக்கறன்."

ஒவ்வொரு வரியாகப் படித்தேன். 'பெற்றோர் எழுத்தறிவு இல்லாதவர்கள். வீட்டில் படிப்புக்கு உதவி இல்லை' என்ற இடத்தில் கையை உயர்த்தினார்.

"அத அடிங்க."

"ஏனுங்க?"

"தெனமும் இவ வாய்விட்டுப் படிப்பா, இவ அம்மா கேப்பா. எங்கயாச்சும் வரி தாண்டிட்டா, நேத்து இப்பிடி இல்லியேன்னு புடிச்சுருவா. அது ஒதவி இல்லீங்களா?"

அடித்தேன். 'தாய் தினமும் பாடத்தைக் கேட்டுச் சரிபார்க்கிறார். இது தொடர வேண்டும்' என்று எழுதினேன். திட்டத்தில் இருந்தவற்றில் அதுதான் நல்ல வரி என்று பிற்பாடு எழுத்தர் அம்மா சொன்னார்.

திங்கட்கிழமை அவரிடம் கொண்டுபோனேன். முழுவதும் படித்தார். பெருமையாக நின்றுகொண்டிருந்தேன்.

"இது நிக்கும் சார். ஆனா இதுக்கு முந்தின மூணு வருஷம் வேற மாதிரி இருக்கே. எது நெஜம்னு மேல கேப்பாங்க. பழசு பொய்யின்னு ஒருத்தர் எழுதித் தரணும்."

"யாரு தரணும்?"

"எழுதுனவருதான்." கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "வேலைக்கு ஆபத்து வரலாம். யோசிச்சுட்டு வாங்க."

யோசித்தால் எழுத மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அவர் மேசையிலேயே ஒரு தாள் வாங்கினேன். பிள்ளைகளைச் சோதிக்காமல் ஒரே திட்டத்தை நகலெடுத்தேன், வெற்றுப் படிவத்தில் கைநாட்டு வாங்கினேன், இதில் அந்தத் தகப்பனாருக்குப் பங்கு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பள்ளிக்கு வந்து, தலைமையாசிரியர் அறைக்கு அவரை வரச் சொல்லி, எல்லா ஆசிரியர்கள் முன்னாலும் அதைப் படித்துக் காட்டி மன்னிப்புக் கேட்டேன்.

"சரிங்க" என்றார். "பரீச்சைக்குள்ள உத்தரவு வந்துருமுங்களா?"

வரவில்லை. இரண்டு தமிழ்த் தாள்களையும் அவள் மற்றவர்களைப் போல, அதே நேரத்தில், அந்தப் பொடி எழுத்தோடு மல்லுக்கட்டி எழுதினாள். மூன்றாம் நாள் காலையில்தான் உத்தரவு வந்தது. கூடுதல் நேரம், வாசலோர இடம், கேள்விகளை வாசித்துக் காட்ட ஓர் ஆசிரியை. நான் தேர்வு அறைக்கு வெளியே குட்டி போட்ட பூனையாக நடந்தேன். அன்று வெளியே வந்தவள், "எல்லாக் கேள்வியும் எழுதிட்டன் சார், எல்லாக் கேள்வியும்!" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

கணக்கு, அறிவியல், வரலாறு, ஆங்கிலம் எல்லாம் தேறினாள். தமிழில் தவறிவிட்டாள். அக்டோபரில் சலுகையோடு எழுதித் தேறினாள். அதற்குள் பதினோராம் வகுப்புச் சேர்க்கை முடிந்து பாதி வருடமே போயிருந்தது.

"பாஸ் சார். ஆனா எங்கூடப் படிச்சவளுங்கல்லாம் ஒரு வருசம் முன்னால போயிட்டாளுங்க."

என்மேல் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. விசாரணை நடந்தது. சித்தேரி மலைப் பக்கம் மாற்றினார்கள். போவதற்குள் மற்ற பத்துப் பிள்ளைகளின் வீட்டுக்கும் போய் அளந்து, பார்த்து, கேட்டு, புதிதாக எழுதினேன். பத்தும் பத்து விதமாக இருந்தன.

நான் பொறுப்பை ஒப்படைத்த ஜூன் மாதம் அவள் வந்தாள். பென்னாகரத்தில் சேரப் போகிறாளாம். திட்டத்தின் நகல் வேண்டுமாம். எடுத்துக் கொடுத்தேன். கதவோரம் போய் நின்று நான்கு பக்கத்தையும் தானே படித்தாள். நெடுநேரம் ஆனது.

"இது ஒத்து வராது சார்" என்றாள். "இப்ப இந்த எழுத்துப் பத்தல. இன்னும் பெருசா வேணும்."

கண் இன்னும் குறைந்திருந்தது. அவள் அழவில்லை. "அளங்க சார், பஸ்ஸுக்கு நேரமிருக்குது" என்று உட்கார்ந்துவிட்டாள். கட்டி வைத்திருந்த பெட்டியைப் பிரித்து அடி ஸ்கேலை எடுத்தேன். திட்டத்தில் ஏழு வரிகள் மாறின.