பங்காளிகளுக்குத் தெரிந்த பாஸ்வேர்டு

அடுத்தவர் பாஸ்வேர்டைக் காப்பாற்றுகிற தொழிலில் பெரிய தொல்லையே அந்த அடுத்தவர்தான். கடை வைத்து நடத்தினவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டாம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம் ஆரணியில் டிசைன் சென்டர் நடத்தினோம். நெசவுக்காரர்கள் வந்து பட்டுப்புடவை பார்டரைக் கம்ப்யூட்டரில் வரைந்துகொள்வார்கள். சென்னையில் வேலை பார்க்கும் என் பெரிய பிள்ளை செய்து கொடுத்த ஏற்பாடு அது. உள்ளறையில் ஒரு பெரிய மிஷின். எல்லார் பேரும் பாஸ்வேர்டும் டிசைனும் அதில்தான். வெளியே எந்த மிஷினில் உட்கார்ந்து பேரைத் தட்டினாலும், அது உள்ளே கேட்டுக்கொண்டு திறந்துவிடும். பத்தாவது வரை படித்த நான், காலையில் சாமி கும்பிட்டுவிட்டு அதற்கு ஸ்விட்ச் போடுவேன். மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

கூடவே வருது

லோகநாதன் சொந்தமாகத் தறி வைத்திருப்பவர். ஜன்னலோர மிஷின்தான் வேண்டும் என்று காத்துக் கிடப்பார். அவர் டிசைன் அதற்குள்தான் இருக்கிறதாம். ஒருநாள் வலுக்கட்டாயமாக மூலையில் இருந்ததில் உட்கார வைத்தேன். பேரைத் தட்டினார். அவருடைய பார்டர் அப்படியே வந்து நின்றது. திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"அப்போ இத்தினி நாளா இது என் பின்னாடியே வந்துகினு இருந்துச்சாக்கா?"

சாமி பேர்

எங்கள் ஊரில் எதை ஆரம்பித்தாலும் குலதெய்வத்தை நினைத்துத்தான் ஆரம்பிப்பது. பாஸ்வேர்டையும் அப்படியே வைத்தார்கள். நல்ல காரியம்தான், ஆனால் ஒரு வம்சத்துக்கே குலதெய்வம் ஒன்று. லோகநாதன் அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் தட்டுவார். அந்தச் சமயம் அவர் கையில் ஒரு முகூர்த்தப் புடவை ஆர்டர் இருந்தது. காஞ்சிபுரத்துக் கடைக்காரர், "இதே பார்டர் வேற எங்கயாவது முன்னாடி வந்துட்டா எனக்கு வேணாம்" என்று சொல்லியிருந்தார். அந்த சீசனே அதை நம்பித்தான். பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமி பேரை அழிச்சிட்டு வேற பேரு போடச் சொல்றீங்களே, அப்புறம் தறி ஓடுமா?"

பாத்தியதை

பக்கத்து ஊரான சேத்துப்பட்டில் ஒரு கிளை திறந்து, போன் லைன் வழியாக இந்தப் பெரிய மிஷினோடு சேர்த்தோம். இங்கே இருக்கிற பேரும் பாஸ்வேர்டும் அங்கேயும் செல்லும். ஒருநாள் காலை லோகநாதன் என் எதிரில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்; சேத்துப்பட்டில் அவர் பேரில் யாரோ உள்ளே இருப்பதாகத் திரையில் காட்டுகிறது. அவர் பேரையே உடனே நிறுத்திவிட்டுப் போன் போட்டேன். அங்கே உட்கார்ந்திருந்தது அவருடைய பங்காளி தண்டபாணி. திறந்தது முகூர்த்தப் பார்டரை. நல்லவேளை, அந்த லைன் தூங்கி வழிகிற லைன். பார்டர் பாதிகூடப் போய்ச் சேரவில்லை. போனைக் கொடுக்கச் சொல்லி, "இது நியாயமா தம்பி?" என்று கேட்டேன். கொஞ்சமும் பதறவில்லை.

"என்னாக்கா இப்படிக் கேக்கறீங்க, நமக்கும் அதே சாமிதானே? எனக்குப் பாத்தியதை இல்லையா?"

மாமியார்

மறுநாள் பாஸ்வேர்டை மாற்ற லோகநாதன் தன் மனைவி சரோஜாவோடு வந்தார். பார்டருக்குக் கலர் சேர்ப்பது சரோஜாதான். பிள்ளை பேர், ஊர் பேர் எது வைத்தாலும் பங்காளிகளுக்குத் தெரியும். "நகருங்க" என்று சரோஜா கீபோர்டை இழுத்து, எங்களைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத் தட்டினாள். மிஷின் ஒத்துக்கொள்ளவில்லை. திரையில் வந்த குறிப்பை எட்டிப் பார்த்தேன். "ஆளோட பேரையே பாஸ்வேர்டா வெக்கக் கூடாதும்மா" என்றேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. புருஷன் பேரை அவள் எங்கேயும் சொன்னதில்லை.

"வாயாலதான் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன், தட்டவும் கூடாதுங்குதே, இது என் மாமியாருக்கு மேல இருக்குதேக்கா!"

கூட்டு

பிறகு வேறு எதையோ வைத்தாள். புருஷனுக்கும் சொல்லவில்லை. அதனால் அவள் வந்து தட்டினால்தான் அவருக்கு வேலை. புடவை நெய்து முடிந்து, அதே பார்டர் வேறெங்கும் வராமல் காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தது. "இப்பவாவது வீட்டுக்காரருக்குச் சொல்லிடேன்" என்றேன்.

"சொன்னா சாமி கும்பிடும்போது சத்தமா சொல்லிடுவாருக்கா."

பிள்ளை எத்தனையோ பூட்டுப் போட்டுக் கொடுத்திருந்தும், அந்தப் புடவையைக் காப்பாற்றியது சேத்துப்பட்டு லைனின் சோம்பலும் சரோஜாவின் அழுத்தமும்தான்.