சரோஜத்தின் பேரில் வந்த மஸ்கட் பணம்

பனச்சமூட்டுச் சரோஜத்துக்கு அடுத்தவர் முற்றத்தில் போய் நிற்பது என்றால் உடம்பெல்லாம் எரியும். என்ன செய்ய? கொத்துவேலைக்கு மஸ்கட் போன புருஷன் ராஜப்பன் அனுப்புகிற பணம், அவன் அண்ணன் ரெத்தினதாஸின் கணக்கில்தான் வந்து விழும். அரிசிக்கும் பிள்ளையின் ஃபீஸுக்கும் அவரிடம்தான் கேட்டு நிற்க வேண்டும். தொண்ணூற்றேழில் ஒரு நாள் அவள் ஊர்ப் பாங்கில் கைநாட்டு வைத்துத் தன் பேரில் கணக்குத் திறந்தாள். இனி எனக்கே அனுப்பும் என்று புருஷனிடம் சொல்லியும் விட்டாள்.

முதல் பணம் வரவே இல்லை.

ரெத்தினதாஸுக்குச் சிரிப்பு. "எட்டி சரோஜம், வெளிநாட்டுப் பணம் வரணும்னா பாங்குக்கு ஸ்விஃப்ட் கோடு வேணும். எனக்க திருவனந்தபுரம் பாங்குக்கு அது உண்டு. உனக்கதுக்கு கெடையாது."

"கெடையாதுன்னா உண்டாக்கிட்டு வாறேன் அண்ணே" என்று கிளம்பினாள்.

பாங்கு மேனேஜரும் அதையே சொன்னார்: சின்னக் கிளைக்குக் கோடு இல்லை, சேச்சி போய் வீட்டு ஆம்பிளையை அனுப்பணும்.

"வீட்டு ஆம்பிளை மஸ்கட்டில ஆக்கும். டிக்கெட்டு சார் எடுப்பீரா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஊணுக்கு நேரமாகியும் எழும்பவில்லை. மேனேஜர் வேறு வழியில்லாமல் திருவனந்தபுரத்துக்கு ஃபோன் செய்தார். அங்குள்ள பெரிய கிளையின் ஸ்விஃப்ட் கோடு போட்டு, கீழே இந்தக் கிளையின் பேரும் கணக்கு நம்பரும் எழுதினால் பணம் வந்துவிடுமாம். இவ்வளவுதான் காரியம்.

அப்படியானால் முதல் பணம் எங்கே? ஃபோன் பூத்திலிருந்து ராஜப்பனை விளித்தபோது தெரிந்தது. ஊர் நடுவே ஓடும் ரோடுதான் மாநில எல்லை. அவர்கள் வீடும் பாங்கும் கேரளத்தில். ஆனால் கடிதத்துக்கு ஊரில் பாதிப்பேர் ரோட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருக்கிற நேசமணி கடை விலாசத்தைத்தான் கொடுப்பார்கள். ராஜப்பனும் பழக்கத்தில் பணம் அனுப்பும் தாளில் தமிழ்நாடு என்றே எழுதிவிட்டான். பணம் அனுப்புகிற எக்ஸ்சேஞ்சுக்காரன் அதைப் பார்த்து அந்தப் பாங்கின் சென்னைக் கிளையின் ஸ்விஃப்ட் கோடு போட, பணம் அங்கே ஆளைக் காணாமல் மஸ்கட்டுக்கே திரும்பிவிட்டது.

"பேசாம அண்ணனுக்கே போடட்டா? அதுதான் சுளுவு" என்றான் ராஜப்பன்.

"போடும். லீவுக்கு வரும்போ சோறும் அங்கேயே தின்னும்."

மறுமாதம் பணம் அவள் பேரில் வந்தது. ரெத்தினதாஸ் வழியில் மறித்து, பாஸ்புக்கைத் தன் அலமாரியில் வைத்தால் பத்திரமாக இருக்கும் என்றார்.

"உம்ம பாஸ்புக்கை வேணும்னா எனக்க டிரங்குப் பெட்டியில வையும் அண்ணே. அதுக்குப் பூட்டு உண்டு" என்று சொல்லிவிட்டுச் சந்தைக்கு நடந்தாள்.