நாரத்தைக் கிளையில் வந்த மாமனார்

செத்துப்போன என் மாமனார் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, என் வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்று நான் முழு மனதோடு நம்பினேன். சிரிக்கிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டு மொத்தமாகச் சிரித்துக்கொள்ளலாம். இன்னும் இருக்கிறது.

அப்போது நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கணக்கப்பிள்ளை. காலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும்போது என் சத்தத்துக்குத் தொழிலாளர் லயத்து நாய்கள்கூட ஒதுங்கி நிற்கும். மனைவி முதல் பிரசவத்துக்காகத் தெமோதரையில் தாய்வீட்டில் இருந்தாள். பெண் பிள்ளை. நான் ஒரே ஒரு தடவைதான் போய்ப் பார்த்திருந்தேன். அந்த மகராசி கண்ணைத் திறக்கவேயில்லை. யார் ஜாடை என்றுகூடத் தெரியாமல் திரும்பி வந்தேன்.

வெள்ளிக்கிழமை தாயையும் பிள்ளையையும் கூட்டி வருவதாக அத்தை சொல்லியனுப்பியிருந்தார். என் மாமியார் தங்கமானவர். சகுனம் என்று வந்துவிட்டால் மட்டும் தங்கம் இரும்பாகிவிடும். அதற்கு முன்பே ஒருமுறை புறப்பட்டு, பூனை குறுக்கே போனதென்று பிள்ளையோடு பாதி வழியில் திரும்பிப் போனவர். இந்தத் தடவையும் ஏதாவது குறுக்கே வந்தால், மாமாவின் வருசத் திதி முடியும்வரை பிள்ளை என் வீட்டுப் படி ஏறாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் குளிருக்கு வேம்பு வளராது. அதனால் பச்சைப்பிள்ளை வருகிற வீட்டில் நிலைக்கு மேலே நாரத்தைக் கிளை கட்டுவோம். முள்ளும் உண்டு, வாசமும் உண்டு. காத்துக் கருப்புக்கு அது போதும். நானும் பின்பக்கத்து மரத்தில் ஒரு பெரிய கிளையாக ஒடித்து வந்து, உள்பக்கம் பார்க்கக் கட்டினேன். அதில் ஒரு காய்ந்த இலை சுருண்டு தொங்கியது. பார்த்தேன். சருகுதானே என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை பெரட்டு முடிந்து தேத்தண்ணீர் குடிக்க வீட்டுக்கு வந்தவன், நிலைக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்து அப்படியே நின்றேன்.

இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துச் சேர்த்து வைத்தால் எவ்வளவு அகலமோ, அவ்வளவு அகலத்தில் ஒரு பூச்சி. செங்கல்லும் துருவும் கலந்த பழுப்பு நிறம். அச்சாக மாமாவின் கம்பளிக் கோட்டு! அவர் பழைய கங்காணி. வெயிலோ மழையோ அந்தக் கோட்டைக் கழற்றமாட்டார். கடைசியில் அதோடுதான் புதைத்தோம். கோட்டின் முழங்கையில் பொத்தல் இருந்ததுபோல இதன் சிறகுகளிலும் முக்கோணமாகக் கண்ணாடிப் பொத்தல்கள். அவற்றின் வழியே சுவர்ச் சுண்ணாம்பு தெரிந்தது. மேல் சிறகின் நுனி இரண்டும் கண் வைத்த பாம்புத் தலை மாதிரி வளைந்திருந்தன. மாமாவின் கைத்தடிப் பிடியும் பாம்புத் தலைதான். இனி என்ன சாட்சி வேண்டும்?

வீட்டுக்குள் பெரிய பூச்சி வந்தால் அது செத்தவர்கள் என்பது எங்கள் ஆட்கள் எல்லோரும் அறிந்தது. எதற்கு வந்தார் என்பதுதான் கேள்வி. உயிரோடு இருந்தபோது, "எப்பப் பாத்தாலும் இளிச்சிக்கிட்டே இருக்கிறவனுக்குப் பொண்ணக் குடுத்துட்டேனே" என்று என் காதுபடவே சொன்னவர். பேத்தி வந்து இருப்பதற்கு இந்த வீடு லாயக்கா என்று பார்க்க வந்திருக்கிறார். பிடிக்காவிட்டால் அத்தையின் கனவில் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதுமே!

அன்று பின்னேரம் நான் செய்த வேலையை என் மனைவி பார்த்திருந்தால் இன்னும் நாலு பிள்ளை பெற்றுத் தந்திருப்பாள். ஒட்டடை அடித்தேன். தரையைக் கழுவினேன். "மாமா, பாருங்க, அடுப்படியக்கூட வெளக்கிட்டேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். விளக்குமாறு பக்கத்தில் போனபோது அவர் கோட்டை ஒரு உதறு உதறினார். நான் திண்ணமாக ஒரு முழம் துள்ளியிருப்பேன். பிறகு அவருக்குப் பிடித்த சாராயம், சுருட்டு, சுட்ட கருவாடு எல்லாவற்றையும் சுவரடியில் படைத்தேன். திருப்திப்பட்டால் மரியாதையாகப் புறப்பட்டுப் போகட்டும் என்று சன்னலையும் திறந்து வைத்துவிட்டுப் படுத்தேன்.

விடிந்து பார்த்தால் படையலில் கை வைக்கவேயில்லை. அது மட்டுமா? சன்னல் வழியாக அவர் போவதற்குப் பதிலாக இன்னும் ஆட்கள் வந்திருந்தார்கள்! அதே கோட்டு, கொஞ்சம் சின்ன அளவு. ஆனால் முகத்தில் சீப்பு மாதிரி அகன்ற மீசை. மாமாவின் தம்பிமார் மீசைக்குப் பேர்போனவர்கள். அவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தவர்கள்தான். குடும்பமே விசாரணைக்கு வந்துவிட்டது.

பெரட்டில் அன்று எனக்குச் சத்தம் வரவில்லை. நேராகத் தோட்டத்து மருந்துச்சாலைக்குப் போனேன். டிஸ்பென்சர் யாழ்ப்பாணத்துக்காரர். எதற்கும் அசையாத மனிதர்.

"நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்க ஐயா."

"கத்திக் கத்தி நெஞ்சைக் கெடுத்துப்போட்டீரோ காணும்?"

விசயத்தைச் சொன்னேன். அவர் மருந்து தரவில்லை. கண்ணாடியை எடுத்துக்கொண்டு என்னோடு வீட்டுக்கு வந்தார்.

"உது ஆருக்குச் சாராயம்?"

"மாமாவுக்குங்க."

"கணக்கப்பிள்ளை, உமக்கு விசரோ? உது அந்துப்பூச்சி. உதுக்கு வாயே இல்லை. புழுவாய் இருக்கேக்கை தின்னுறதுதான். சிறகு முளைச்சாப் பிறகு ஒண்டும் தின்னாது, குடியாது. கொஞ்ச நாளையிலை செத்துப்போகும்."

"வாயே இல்லீங்களா?"

"இல்லை."

"அப்ப இது மாமா இல்லீங்க."

மாமாவிடம் எது இல்லாமற் போனாலும் வாய் இல்லாமற் போகாது. எனக்குப் பாதி உயிர் வந்தது. மீதி உயிருக்காக, சுவரில் மாமாவோடு வால் ஒட்டியிருந்த மீசைக்காரரைக் காட்டி, "அது அவரு தம்பி இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"தம்பியோ! நல்ல தம்பி!" டிஸ்பென்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "பெரிசு பொம்பிளை காணும். வாசம் விட்டுக் கூப்பிட்டிருக்கு. மீசைக்காரர் எல்லாம் மாப்பிள்ளைமார். அந்த மீசையாலைதான் வாசம் பிடிச்சு வாறவை."

பிறகு கையை உயர்த்தி, நாரத்தைக் கிளையிலிருந்து நான் சருகு என்று விட்ட இலையைப் பறித்துத் தந்தார். இலைக்குள்ளே பழுப்புப் பட்டுப் பை. ஒரு முனை திறந்து, உள்ளே ஈரம். "உதுக்குள்ளை இருந்துதான் வந்தது. நீர்தான் கட்டித் தூக்கிக் கொண்டு வந்திருக்கிறீர்." சாராயத்தை வீணாக்கக் கூடாதென்று அதைக் குடித்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மீசைக்காரர்களைக் காணோம். பெரியவர், மன்னிக்கவும், பெரியவள் மட்டும் சுவரை விட்டுப் பிள்ளைக்குக் கட்டியிருந்த தூளிச் சேலையில் போய்த் தொங்கினாள். தட்டிவிட வேண்டியதுதானே? மாமா இல்லை என்று புத்திக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. அதற்குள் வாசலில் பேச்சுச் சத்தம். தூளியை அப்படியே போர்வையால் மூடினேன்.

"என்னா மாப்ள, தூளிக்குக் குளிருதா?" என்று கேட்டுக்கொண்டே அத்தை போர்வையை இழுத்தார்.

"அத்தை, அது மாமா இல்லீங்க! சத்தியமா மாமா இல்லீங்க!"

அத்தை பூச்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பூச்சியைப் பார்த்தார். மனைவி பிள்ளையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நான் தெமோதரை பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்தேன்.

"யாரு மாமான்னு சொன்னது? அந்த மனுசன் வந்தா நேரா அடுப்படிக்கில்ல போவாரு! தூளியிலயா வந்து தொங்குவாரு?"

மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் பிள்ளையைக் குலுக்கிவிட்டாள். அது கண்ணைத் திறந்தது. முழிக்கிற முழி, அச்சாக மாமா.

அத்தை பூச்சியை முந்தானையில் ஏந்திக்கொண்டு போய் நாரத்தை மரத்தில் விட்டார். அது இலைகளில் முட்டையிட்டது. சில நாளில் மரத்தடியில் செத்துக் கிடந்தது. முட்டைகளிலிருந்து வந்த புழுக்கள் மாவு பூசிய பச்சை நிறத்தில் கட்டைவிரல் மொத்தத்துக்கு வளர்ந்து, மரத்தில் பாதியைத் தின்றுவிட்டு, இலையைச் சுற்றிக்கொண்டு கூடு கட்டின. பிள்ளை அந்த வெள்ளிக்கிழமை மத்தியானமே தூளியில் தூங்கியது. தெமோதரைக்குத் திரும்பிப் போகவில்லை.